வயலில் அடிக்கும் மருந்தும் குழந்தையின் வளரும் மூளையும்: இடையில் குடலின் பங்கு என்ன?

உத்திரமேரூர் வட்டாரத்தில் குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்து வரும் பெற்றோர் அண்மைக் காலமாக ஒரு கேள்வியைக் கேட்கின்றனர். "நான் வயிற்றில் பிள்ளையோடு களை எடுக்கப் போனேன். பக்கத்து வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். இவனுக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. அதனால்தானோ?" என்பது அந்தக் கேள்வி. கைப்பேசியில் வரும் செய்திகளில் பூச்சிக்கொல்லி, குடல் நுண்ணுயிர், மூளை வளர்ச்சி ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால் இந்த அச்சம் பெருகியுள்ளது. இதில் மெய்யானது எது, இன்னும் மெய்ப்பிக்கப்படாதது எது, பெற்றோர் செய்யக்கூடியது எது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

முதலில் சுருக்கமான விடை:

• கருவில் இருக்கும்போது சில வகைப் பூச்சிக்கொல்லிகள் தொடர்ந்து உடலில் சேர்வதற்கும் பிற்காலத்தில் குழந்தையின் அறிவுத்திறன் குறைவதற்கும் தொடர்பு உண்டு என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன.

• பூச்சிக்கொல்லிகள் குடல் நுண்ணுயிர்களின் கலவையை மாற்றுகின்றன என்பதற்கு ஆய்வகச் சான்றுகளும் விலங்குகளில் கிடைத்த சான்றுகளும் உள்ளன. இவற்றுள் முக்கியமான ஒன்று நம் மதுரையிலிருந்து வந்தது.

• பூச்சிக்கொல்லி முதலில் குடலைக் கெடுத்து, அதன் வழியாகவே குழந்தையின் மூளையைப் பாதிக்கிறது என்பது மனிதர்களில் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. அது ஆராயப்பட்டுவரும் ஒரு கருத்து.

இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே வீண் அச்சத்துக்கும், சில நேரங்களில் வீண் செலவுக்கும் காரணமாகிறது.

இப்போது இந்தப் பேச்சு எழக் காரணம் என்ன?

2025 மே மாதம் ஜெனீவாவில் நிறைவுற்ற ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை மாநாட்டில், குளோர்பைரிபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி உலக அளவில் ஒழிக்கப்பட வேண்டிய வேதிப்பொருள்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சில பயிர்களுக்கும் பயன்பாடுகளுக்கும் தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-ஆம் ஆண்டிலேயே இதன் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. இம்முடிவுகளுக்குக் கூறப்பட்ட காரணங்களுள் குழந்தைகளின் மூளை வளர்ச்சி பற்றிய கவலை முதன்மையானது.

இந்தியாவில் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்வதற்கான வரைவு ஆணை 2020-இல் வெளியானது. அதில் குளோர்பைரிபாஸும் இடம்பெற்றிருந்தது. ஆயினும் 2023-இல் வந்த இறுதி ஆணையில் அது முழுத் தடைக்குள் வரவில்லை. மோனோகுரோட்டோபாஸ் மருந்தின் பரவலான திரவ வடிவத்தைப் படிப்படியாக நிறுத்த அதே ஆணை வழிசெய்தது. காய்கறிப் பயிர்களில் அதைப் பயன்படுத்த நெடுநாள் முன்பே தடை உண்டு. தமிழ்நாடு அரசு 2023-இன் தொடக்கத்தில், தற்கொலைகளைத் தடுக்கும் நோக்கில், மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ், அசிபேட் ஆகியவற்றையும் இரு கலவை மருந்துகளையும் சேர்த்து ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தற்காலிகத் தடை விதித்தது.

மேலே பெயர் சொல்லப்பட்ட நான்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆர்கனோபாஸ்பேட் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர்.

இந்த மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன?

நம் ஊர்களில் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து. நெற்பயிருக்கு அடிப்பதும் மருந்து. ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால் இரண்டாவதன் தன்மை மறந்துபோகிறது. பூச்சியின் நரம்பை முடக்குவதற்காகவே ஆர்கனோபாஸ்பேட் உருவாக்கப்பட்டது. நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. செய்தி சென்று சேர்ந்தவுடன் அப்பொருளை ஒரு நொதி சிதைத்து அகற்றிவிடும். ஆர்கனோபாஸ்பேட் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. நரம்பு ஓய்வின்றித் தூண்டப்படுகிறது; பூச்சி சாகிறது. மனித நரம்பிலும் இதே நொதிதான் உள்ளது.

வளர்ந்தவர் உடலில் சிறிதளவு சேர்ந்தால், கல்லீரலும் இரத்தத்தில் உள்ள பாராக்சோனேஸ் என்னும் மற்றொரு நொதியும் அதைப் பெரும்பாலும் சிதைத்து வெளியேற்றிவிடும். பிறந்த குழந்தையிடம் பாராக்சோனேஸ் அளவு மிகக் குறைவு; வயது ஏற ஏறத்தான் அது கூடும். கருவில் உள்ள குழந்தையின் நிலை இன்னும் மென்மையானது. தாயின் இரத்தத்தில் உள்ள இப்பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைகின்றன. மூளைச் செல்கள் பெருகி, தத்தம் இடத்துக்கு நகர்ந்து, ஒன்றோடொன்று இணையும் காலம் அது. அசிட்டைல்கோலின் அப்போது செய்தி சொல்வதோடு நிற்காமல், நரம்புச் செல்கள் வளர வேண்டிய முறையையும் வழிநடத்துகிறது. ஆகவே, தாய்க்கு ஒரு தலைவலியைக்கூடத் தராத அளவு, குழந்தையின் மூளையில் தடம் பதிக்கக்கூடும்.

உடலுக்குள் எவ்வழியில் செல்கிறது?

உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தை ஒட்டிய ஊர்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என நெல் மாறி மாறி வருகிறது. குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழு, புகையான் ஆகியவற்றுக்கு மருந்து அடிக்கப்படுகிறது. மருந்து அடிப்பவர் பெரும்பாலும் ஆண். ஆயினும் அவருடைய உடலில் மட்டும் அது தங்குவதில்லை. வீட்டாரை அது அடையும் வழிகள் பல:

• மருந்து அடித்த வயலில், உரிய நாள்கள் கழியுமுன்னே நடவுக்கோ களையெடுக்கவோ இறங்குதல். கால், கை, ஈரச் சேலை வழியாகத் தோல் அதை ஈர்த்துக்கொள்கிறது.

• மருந்து அடித்தவரின் லுங்கியையும் சட்டையையும் குழந்தையின் துணிகளோடு சேர்த்துத் துவைத்தல். வந்த உடனே அதே உடையில் குழந்தையைத் தூக்குதல்.

• தெளிப்பானையும் மருந்துப் புட்டியையும் வீட்டுக்குள், கட்டிலுக்கடியில் அல்லது அடுப்பங்கரை மூலையில் வைத்தல்.

• காலியான மருந்துக் கேனைக் கழுவி, தண்ணீர் அல்லது மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தல்.

• காற்றடிக்கும் நேரத்தில் வீட்டையும் அங்கன்வாடியையும் ஒட்டிய வயலில் மருந்து அடித்தல்.

• வீட்டுக் கரையானுக்கு மருந்து ஊற்றுதல். குளோர்பைரிபாஸ் இதற்கும் விற்கப்படுகிறது. புது வீடு கட்டும்போது தரையில் ஊற்றப்படுவதும் பல இடங்களில் இதுவே.

• உணவில் தங்கும் எச்சம். அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளியைக் கடைப்பிடிக்காத காய்கறி, கீரைகளில் இது மிகுதி.

வயல்வேலை செய்யும் குடும்பங்களுக்கு முதல் ஐந்து வழிகள்தாம் பெரியவை. ஆனால், பெரும்பாலான அறிவுரைகள் கடைசி வழியைப் பற்றியே பேசுகின்றன.

குழந்தைகளில் நடந்த ஆய்வுகள் சொல்வது என்ன?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சலினாஸ் பள்ளத்தாக்கு என்னும் வேளாண் பகுதி உள்ளது. அங்கு வயல்வேலை செய்யும் குடும்பங்களைச் சேர்ந்த கருவுற்ற பெண்களை 1999, 2000-ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். அவர்களின் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் சிதைவுப் பொருள்களை அளந்தனர். பிறந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தனர். ஏழு வயதில் அறிவுத்திறன் சோதனை நடத்தியபோது, கருவில் மிக அதிக அளவுக்கு ஆட்பட்ட ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகள், மிகக் குறைந்த அளவுக்கு ஆட்பட்ட ஐந்தில் ஒரு பங்கினரைவிடச் சராசரியாக 7 புள்ளிகள் குறைவாகப் பெற்றிருந்தனர்.

நியூயார்க் நகரில் வயலே இல்லை. அங்கு அடுக்குமாடி வீடுகளில் கரப்பான் பூச்சிக்கு அடித்த குளோர்பைரிபாஸைத் தொப்புள்கொடி இரத்தத்தில் அளந்து பார்த்தனர். அளவு கூடக் கூட, ஏழு வயதில் குழந்தையின் நினைவாற்றல் மதிப்பெண் குறைந்தது. இவ்விரு ஆய்வுகளும், நியூயார்க்கில் நடந்த மூன்றாவது ஆய்வும் 2011-இல் ஒருசேர வெளிவந்து ஒரே திசையைக் காட்டின.

இங்கே நம்பிக்கை தரும் ஒரு செய்தியும் உண்டு. அமெரிக்காவில் வீடுகளில் குளோர்பைரிபாஸ் பயன்பாடு 2001-ஐ ஒட்டி நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் அதன் அளவு விரைவாகச் சரிந்தது. அதற்கு முன் பிறந்தவர்களிடம் மருந்தின் அளவுக்கும் குறைந்த பிறப்பு எடைக்கும் காணப்பட்ட தொடர்பு, பின் பிறந்தவர்களிடம் காணப்படவில்லை. ஆர்கனோபாஸ்பேட் உடலில் பல்லாண்டு தேங்கி நிற்பதில்லை. வரவை நிறுத்தினால் உடல் விரைவில் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளும். எனவே இன்று தொடங்கும் முன்னெச்சரிக்கை வீண்போகாது.

இந்த ஆய்வுகள் கூட்டத்தின் சராசரியைப் பற்றியவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஏழு புள்ளிகள் என்பது ஒவ்வொரு குழந்தைக்கும் நேர்வதன்று. அதிக அளவுக்கு ஆட்பட்ட பல குழந்தைகள் நன்றாகவே வளர்ந்துள்ளனர்.

குடல் நுண்ணுயிர்களுக்கும் மூளைக்கும் என்ன உறவு?

நம் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. குழந்தை பிறக்கும்போது அவை குடியேறத் தொடங்குகின்றன. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் அந்தக் குடியிருப்பு நிலைபெறுகிறது. மூளை மிக விரைவாக வளரும் காலமும் அதுவே. தாய்ப்பாலில் உள்ள சிலவகைச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க இயலாது. அவை பைபிடோபாக்டீரியம் போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. தாய்ப்பால் குழந்தையோடு சேர்த்து அதன் குடல் நுண்ணுயிர்களையும் வளர்க்கிறது.

இந்நுண்ணுயிர்கள் மூளையோடு மூன்று வழிகளில் தொடர்பு கொள்கின்றன. நார்ச்சத்தை நொதிக்கச் செய்து அவை உண்டாக்கும் சிறு கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் கலக்கின்றன. குடலிலிருந்து மூளைத் தண்டுக்குச் செல்லும் வேகஸ் நரம்பு செய்திகளைச் சுமந்து செல்கிறது. குடற்சுவரில் உள்ள நோய் எதிர்ப்புச் செல்கள் அழற்சியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன.

ஜப்பானில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வு இத்துறையில் திருப்புமுனையானது. குடலில் ஒரு நுண்ணுயிர்கூட இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள், சிறு நெருக்கடிக்கும் அளவுக்கு மீறிய பதற்ற எதிர்வினையைக் காட்டின. இளம் வயதில் நன்மை செய்யும் நுண்ணுயிரை அவற்றுக்குக் கொடுத்தபோது அந்நிலை சீரானது. வயது கடந்தபின் கொடுத்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. உரிய பருவம் ஒன்று உண்டு என்பதை இது உணர்த்தியது. மனிதக் குழந்தைகளிலும், ஒரு வயதில் இருந்த குடல் நுண்ணுயிர்க் கலவைக்கும் இரண்டு வயதில் பெற்ற அறிவு வளர்ச்சி மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருப்பதாக அமெரிக்காவில் 89 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2018-இல் தெரிவித்தது. தொடர்பு காட்டிய ஆய்வு அது. காரணம் காட்டிய ஆய்வு அன்று.

மதுரையில் கண்டது என்ன?

பூச்சிக்கொல்லி குடலுக்குள் சென்றபின் என்ன ஆகிறது என்பதற்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமான சான்று. மதுரையை ஒட்டிய சிற்றூர்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அவர்கள் கணக்கெடுத்தனர். பூச்சிக்கொல்லியோடு நேரடித் தொடர்புடையவர்களிடம் நீரிழிவு, தொடர்பற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாக இருந்தது. பின்னர் எலிகளுக்கு 180 நாள்கள் குடிநீரில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து கொடுத்தனர். குடல் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அசிட்டேட் போன்ற பொருள்களாக மாற்றின. அப்பொருள்கள் உடலில் சர்க்கரை உற்பத்தியைக் கூட்டின. அந்த எலிகளின் குடல் நுண்ணுயிர்களை வேறு எலிகளுக்கு மாற்றியபோது அவற்றிலும் சர்க்கரைச் சீர்கேடு தோன்றியது.

இந்த ஆய்வு பெரியவர்களின் நீரிழிவைப் பற்றியது. குழந்தைகளின் மூளையைப் பற்றியதன்று. எனினும், குடல் நுண்ணுயிர்கள் பூச்சிக்கொல்லியைக் கண்டும் காணாமல் விடுவதில்லை, அதை மாற்றி உடலுக்குக் கேடாக்கவும் கூடும் என்பதை அது காட்டியது. பிரான்சில் 2013-இல் வெளியான வேறோர் ஆய்வில், செயற்கைக் குடல் கருவியிலும் எலிகளிலும் சிறிதளவு குளோர்பைரிபாஸைத் தொடர்ந்து செலுத்தினர். நன்மை செய்யும் லாக்டோபேசில்லஸ், பைபிடோபாக்டீரியம் ஆகியவை குறைந்து, வேறு சில பெருகின.

ஆகச் சங்கிலியின் கண்ணிகள் இவை: பூச்சிக்கொல்லி குடலை மாற்றுகிறது, குடல் மூளையோடு பேசுகிறது, பூச்சிக்கொல்லி மூளையையும் பாதிக்கிறது. இம்மூன்றும் தனித்தனியே காணப்பட்டுள்ளன. ஒரே குழந்தையில், ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக, மூன்றும் தொடர்ந்து நிகழ்ந்ததை மனித ஆய்வு எதுவும் இன்னும் மெய்ப்பிக்கவில்லை. நரம்பின் மேல் நேரடியாக நிகழும் பாதிப்பே போதிய காரணமாக இருக்கவும் கூடும்.

முழுச் சான்று வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் இதைக் கற்பித்தது. அங்கு அரசு முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை எண்டோசல்பான் என்னும் வேறு வகைப் பூச்சிக்கொல்லி வானூர்தி மூலம் தெளிக்கப்பட்டது. தோட்டங்களை ஒட்டிய ஊர்களில் குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைபாடுகளும் நரம்புக் கோளாறுகளும் மிகுதி என்று ஊர் மக்களும் உள்ளூர் மருத்துவரும் முறையிட்டனர். எது எதற்குக் காரணம் என்ற வாதம் பல்லாண்டு நீடித்தது. 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் அம்மருந்தின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் நாடு முழுவதும் இடைக்காலத் தடை விதித்தது. 2017 சனவரியில் பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 இலட்சம் ரூபாய் வழங்குமாறு கேரள அரசுக்கு ஆணையிட்டது. வாதம் முடியும்வரை அக்குழந்தைகளின் வயது காத்திருக்கவில்லை. முன்னெச்சரிக்கைக்கு ஆகும் செலவு சிறிது. இழந்த வளர்ச்சியை மீட்பது அரிது.

"என் குழந்தைக்கு வந்தது இதனால்தானா?"

தொடக்கத்தில் கூறிய தாய்க்கான விடை இதுதான்: எந்த மருத்துவராலும் ஒரு தனிக் குழந்தையைப் பார்த்து "இது பூச்சிமருந்தால் வந்தது" என்று சொல்ல இயலாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வயலில் உடலில் சேர்ந்ததை இன்று இரத்தப் பரிசோதனை காட்டாது. பேச்சுத் தாமதத்துக்குச் செவித்திறன் குறைவு, பிறப்பின்போது நேர்ந்த சிக்கல், மரபணுக் காரணம், ஆட்டிசம், தைராய்டு குறைவு, அளவுக்கு மீறிய கைப்பேசிப் பழக்கம் எனப் பல காரணங்கள் உள்ளன. இவற்றுள் சில கண்டறிந்து சரிசெய்யத்தக்கவை. "மருந்து அடித்ததால் வந்தது, இனி என்ன செய்வது" என்று முடிவு கட்டிக்கொண்டு பரிசோதனைக்கு வராமல் இருப்பதே பெருங்கேடு.

தாயே, நீங்கள் வயலுக்குச் சென்றது கூலிக்காக, குடும்பத்துக்காக. குற்ற உணர்ச்சி உங்கள் குழந்தைக்கு உதவாது. குடும்பத்தார் தாயின் மேல் பழி சுமத்துவதும் கூடாது.

குடல் நுண்ணுயிர்ப் பரிசோதனை என்ற பெயரில் பல ஆயிரம் ரூபாய் கேட்கும் விளம்பரங்களும், "மூளை வளர்ச்சிக்கான புரோபயாட்டிக்" என்று விற்கப்படும் பொடிகளும் இப்போது வருகின்றன. குழந்தையின் வளர்ச்சித் தாமதத்துக்கு இவற்றால் பயன் உண்டென்பதற்குப் போதிய சான்று இல்லை. அந்தப் பணத்தை முட்டைக்கும் பயறுக்கும் செலவிடுங்கள்.

வயல்வேலைக் குடும்பங்கள் செய்ய வேண்டியவை

• கருவுற்றது தெரிந்த நாள் முதல், கருவுறத் திட்டமிடும்போதே கூட, மருந்து கலக்குதல், அடித்தல், அடித்த வயலில் இறங்குதல் ஆகிய வேலைகளைத் தவிர்க்கவும். பாலூட்டும் தாய்மாருக்கும் இது பொருந்தும். உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் நீங்கள் செய்யும் வேலையைச் சொல்லுங்கள். வேறு வேலை கேட்பதற்கு அவருடைய சொல் துணைநிற்கும்.

• மருந்து அடித்தவர் வீட்டுக்கு வெளியிலேயே உடை மாற்றி, சோப்புப் போட்டுக் குளித்தபின் குழந்தையைத் தொட வேண்டும். அவ்வுடையைத் தனி வாளியில் துவைக்கவும். துவைக்கும் வேலையைக் கருவுற்ற பெண்ணிடம் கொடுக்கக் கூடாது.

• மருந்தையும் தெளிப்பானையும் வீட்டுக்குள் வைக்காமல் பூட்டிய தனிப் பெட்டியிலோ கொட்டகையிலோ வைக்கவும். குளிர்பானப் புட்டியில் மருந்தை மாற்றி ஊற்றி வைக்கவே கூடாது. 2013 சூலையில் பீகாரில் 23 பள்ளிக் குழந்தைகள் மதிய உணவுக்குப் பின் இறந்தனர். அவ்வுணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது.

• புட்டியில் உள்ள முக்கோண அடையாளத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு; அடுத்தது மஞ்சள்; பிறகு நீலம்; பச்சை ஒப்பளவில் குறைந்தது. பச்சையும் நஞ்சுதான்.

• காலிக் கேனைத் துளையிட்டு, நீர்நிலைக்கு அப்பால் அப்புறப்படுத்தவும். எந்தப் பொருளையும் அதில் மீண்டும் நிரப்ப வேண்டாம்.

• "இரண்டு மருந்தைக் கலந்து அடித்தால் நன்றாகக் கேட்கும்" என்ற கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பாமல், வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு, தேவைப்பட்டால் மட்டுமே அடிக்கவும். விளக்குப் பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, முட்டை ஒட்டுண்ணி அட்டை ஆகியவற்றால் அடிக்கும் முறைகளைக் குறைக்கலாம்.

• கருவுற்ற பெண்ணோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில் கரையான் மருந்து ஊற்றுவதைத் தள்ளிப்போடவும்.

உணவில் கவனிக்க வேண்டியவை

காய்கறி, கீரை, பழங்களைக் குறைக்க வேண்டாம். எச்சத்துக்கு அஞ்சிக் கீரையை நிறுத்திய வீட்டில் இரத்தச்சோகை வருகிறது. இரும்புச்சத்துக் குறைவும் மூளை வளர்ச்சியைக் குறைக்கும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. இது இன்றே சரிசெய்யத்தக்கது.

ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் மேற்பரப்பில் உள்ள எச்சத்தில் ஒரு பகுதி நீங்கும். தோல் சீவுவதும் வேகவைப்பதும் மேலும் குறைக்கும். செடியின் உள்ளே ஊடுருவிய மருந்தை எந்தக் கழுவலும் முழுமையாக நீக்காது. எனவே, வீட்டுத் தேவைக்கேனும் கொல்லையில் மருந்தில்லாக் கீரையும் காயும் வளர்ப்பது நல்லது.

தாய்ப்பாலை எக்காரணத்தாலும் நிறுத்த வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, ஆறு மாதம் முடிய தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவும். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பின் கேழ்வரகு, பயறு, கீரை, தயிர், அங்கன்வாடியில் தரும் சத்துமாவு ஆகியவற்றைச் சேர்க்கவும். சளிக்கும் சாதாரண வயிற்றுப்போக்குக்கும் மருத்துவர் எழுதாமல் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். குழந்தையின் குடல் நுண்ணுயிர்களை அது நேரடியாக அழிக்கிறது.

எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்?

• இரண்டு மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை

• நான்கு, ஐந்து மாதத்தில் தலை நிற்கவில்லை

• ஒன்பது மாதத்தில் பிடிமானமின்றி உட்காரவில்லை

• ஒன்றரை வயதில் நடக்கவில்லை, அல்லது பொருளுள்ள ஒரு சொல்லும் வரவில்லை

• இரண்டு வயதில் இரு சொல் சேர்த்துப் பேசவில்லை

• பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை. கண்ணோடு கண் பார்ப்பதில்லை

• எந்த வயதிலும், முன்பு செய்ததை இப்போது செய்யவில்லை

இவற்றுள் ஒன்று இருந்தாலும் "ஆண் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும்" என்று காத்திருக்க வேண்டாம். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். அங்கிருந்து மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைப்பார்கள். செவிப் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி ஆகியவை அங்கு கட்டணமின்றிக் கிடைக்கும். காரணம் எதுவாயினும், முதல் மூன்று ஆண்டுகளில் தொடங்கும் பயிற்சி மிகுந்த பலன் தரும். குழந்தையோடு பேசுவதும் பாடுவதும் விளையாடுவதும் அந்தப் பயிற்சியின் பாதி.

உடனடி ஆபத்தின் அறிகுறிகள்

மருந்து உடலில் மிகுதியாகச் சேர்ந்தால் வாயில் எச்சில் ஒழுகுதல், கண்ணீர், மிகு வியர்வை, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல், வலிப்பு ஆகியன தோன்றும். உடனே 108-ஐ அழைக்கவும். நனைந்த உடையைக் களைந்து, சோப்பு நீரால் உடலைக் கழுவவும். கழுவுபவர் கையுறையோ நெகிழிப் பையோ கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். உப்புக் கரைசல், சாணக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருந்துப் புட்டியை மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். இதற்கான மாற்று மருந்து அரசு மருத்துவமனைகளில் உண்டு. நேரமே உயிரைக் காக்கும்.

ஊராகச் செய்யக்கூடியது

உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காக உலகறிந்தவை. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டிய அக்கல்வெட்டுகள், அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பார்க்க வேண்டிய பணிகளையும் கூறுகின்றன. ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டத்தைக் காக்கத் தோட்ட வாரியம் என்று தனித்தனிக் குழுக்கள் இருந்தன. நீரும் நிலமும் ஊர்ப் பொதுப் பொறுப்பு என்பது இம்மண்ணுக்குப் புதிதன்று.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை நீங்கள் வைக்கலாம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் பக்கத்து வயல்களில் குழந்தைகள் இருக்கும் நேரத்தில் மருந்து அடிப்பதில்லை என்ற ஊர்க் கட்டுப்பாடு ஒன்று. காலிக் கேன்களை ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் எறியாமல் ஓரிடத்தில் சேர்க்கும் ஏற்பாடு இரண்டாவது. மருந்து அடித்த வயலில் சிவப்புத் துணி கட்டி அறிவிப்பது மூன்றாவது. இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. குடலின் பங்கு என்ன என்பதை ஆய்வாளர்கள் கண்டு சொல்லும்வரை, நம் குழந்தைகளுக்கும் அந்த நஞ்சுக்கும் இடையே சற்றுத் தொலைவை நாமே உண்டாக்கலாம்.